மேக்னம் ரிவால்வரின் வாயில் பூக்கும் நெருப்பு எரியாத மருந்தா?

கேள்வி இதுதான். மங்கலான வெளிச்சத்தில் .357, .44 மேக்னம் (எண் குண்டின் விட்டத்தைத் தோராயமாக அங்குலத்தில் குறிப்பது) ரிவால்வர்களைச் சுடும்போது குழல் வாயில் கால்பந்து அளவுக்கு நெருப்பு பூக்கிறது. அது குழலுக்குள் எரிந்து முடியாத வெடிமருந்து வெளியே வந்து எரிவதா? நெருப்பு பெரிதாக இருந்தால் தோட்டாவுக்குப் பலம் அதிகம் என்று அர்த்தமா? இருட்டில் சுட்டால் சுட்டவருக்கே கண் தெரியாமல் போய்விடுமா?

முதல் கேள்விக்குப் பதில், பெரும்பாலும் இல்லை. இரண்டாவதற்கு இல்லவே இல்லை. மூன்றாவதற்கு, ஓரளவு, அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். இனி விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் மருந்தைப் பார்ப்போம். இன்றைய தோட்டாக்களில் இருப்பது பழைய கரிமருந்து அல்ல. நைட்ரோசெல்லுலோஸை அடிப்படையாகக் கொண்ட புகையில்லா மருந்து. 1884-ல் பிரான்சின் வேதியியலாளர் பால் வியேய் திறந்துவிட்ட வழி இது. இந்த மருந்து எரிய வெளிக்காற்று வேண்டாம், தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன் மூலக்கூறிலேயே வைத்திருக்கிறது. ஆனால் முழுதாக எரியும் அளவுக்கு வைத்திருக்கவில்லை. கார்பன் எல்லாம் கார்பன் டையாக்சைடாகவும் ஹைட்ரஜன் எல்லாம் நீராவியாகவும் மாறி முடிய அந்த ஆக்சிஜன் போதாது. அதனால் ஒரு துகள்கூட மிச்சமில்லாமல் மருந்து எரிந்து தீர்ந்தாலும், உண்டாகும் வாயுவில் பாதிக்கு மேல் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும்தான் இருக்கும். இரண்டுமே நன்றாக எரியக்கூடியவை.

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். குழலை விட்டு வெளியே வருவதை ‘புகை’ என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேறிய எரிவாயு. குழலுக்குள் அதற்கு ஆக்சிஜன் கிடைக்கவில்லை, வெளியே வந்தால் காற்று முழுக்க ஆக்சிஜன். அப்புறம் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் வெளியே வந்த அந்த நொடியே அது பற்றிக்கொள்வதில்லை. நடுவில் ஒரு சின்ன நாடகம் நடக்கிறது. தோட்டாவின் முனையிலிருந்து பறக்கும் குண்டு வாயைக் கடக்கும்போது அதன் பின்னால் இருக்கும் வாயு இன்னும் சில நூறு வளிமண்டல அழுத்தத்தில் இருக்கிறது. அடைப்பு நீங்கியதும் குண்டையே முந்திக்கொண்டு பாய்கிறது. அந்த இடத்தில், வாயை ஒட்டி, சிறியதாக வெள்ளையாக ஒரு ஒளி தெரியும். அது முதல் சுடர், வாயு தன் சூட்டிலேயே ஒளிர்வது. பாய்ந்த வாயு விரிகிறது, விரிந்ததும் குளிர்கிறது, ஒளி மங்குகிறது. ஆனால் ஒலியை விட வேகமாக ஓடும் அந்த வாயு சற்று தூரத்தில் வெளிக்காற்றின் அழுத்தத்தோடு மோதிச் சட்டென்று வேகம் குறைகிறது. மோதும் இடத்தில் தட்டையான ஒரு அதிர்வலை நிற்கிறது. பறக்கும் குண்டின் அதிர்வலைகளை 1880-களிலேயே படம் பிடித்துக் காட்டிய எர்ன்ஸ்ட் மாக் பெயரால் அதை மாக் வட்டு என்கிறார்கள். அந்த வட்டைக் கடக்கும் வாயு நெருக்கப்பட்டு மறுபடி சூடேறுகிறது, செந்நிறமாக ஒளிர்கிறது. அது இரண்டாவது கட்டம். இந்தச் சூட்டோடு போய்க் காற்றில் கலக்கும்போது கலவையின் வெப்பம் பற்றும் அளவுக்கு இருந்தால், மொத்த மேகமும் ‘குப்’பென்று பிடிக்கிறது. நீங்கள் பார்த்த கால்பந்து இந்தக் கடைசிக் கட்டம்தான். முதல் இரண்டும் அதன் வெளிச்சத்துக்கு முன் ஒன்றுமே இல்லை.

இது எரியாத மருந்து அல்ல என்பதை எப்படிச் சொல்கிறோம்? காற்றுக்குப் பதிலாக நைட்ரஜன் நிரப்பிய அறைக்குள் சுட்டால் அந்தப் பெரிய பந்து வருவதே இல்லை. மருந்துத் துகள்கள் தம் ஆக்சிஜனைத் தாமே சுமந்து வருபவை. அவைதான் வெளியே எரிகின்றன என்றால் நைட்ரஜனிலும் எரிய வேண்டும். எரிவது வாயு, அதற்குக் காற்று வேண்டும், காற்று இல்லாததால் அணைந்துவிடுகிறது.

அதற்காக எரியாத மருந்து கதை முழுப் பொய்யும் அல்ல. உள்ளரங்கச் சுடுதளத்தில், சுட்டு முடித்ததும் முன்னால் இருக்கும் மேசையைக் கையால் தடவிப் பாருங்கள். மணல் நெருடுவதுபோல் சின்னச் சின்ன உருண்டைகள் ஒட்டும். பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில், ஓரம் கருகி, சில உருண்டை முழுதாக. அவை பாதி வழியில் அணைந்துபோன மருந்துத் துகள்கள். அழுத்தம் திடீரென்று விழுந்தால் இந்த மருந்து எரிவது தடைப்படும். குழலை விட்டு வெளியே வந்த துகளுக்கு நேர்வது அதுதான். அதாவது எரியாத மருந்து வெளியே வந்து பந்தாக எரிவதற்குப் பதில், பெரும்பாலும் வெளியே வந்து அணைகிறது. சில துகள்கள் தீப்பொறிகளாகப் பறக்கும். படங்களில் பந்துக்குள்ளிருந்து கோடு கோடாகச் சிதறுவது அவைதான். சுடுதளத் தரையில் இந்தத் துகள்கள் நாள்பட சேர்ந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. அதனால்தான் ஒழுங்காக நடத்தும் இடங்களில் தரையைச் சுத்தம் செய்வதை அவ்வளவு கண்டிப்பாக வைத்திருக்கிறார்கள்.

சரி, மேக்னம் தோட்டாக்களில் மட்டும் ஏன் இவ்வளவு? 9 மி.மீ. பிஸ்டல் தோட்டாவையும் .357 மேக்னத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். இரண்டின் குண்டும் ஏறக்குறைய ஒரே விட்டம், 9 மி.மீ. சுற்று வட்டாரம்தான். அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்கள் வகுத்திருக்கும் உச்ச அழுத்த வரம்பும் இரண்டுக்கும் ஒன்றே, சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. இதைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள், மேக்னம் என்ற பெயரே அழுத்தத்தைக் குறிப்பதாக நினைப்பார்கள். வித்தியாசம் மருந்தின் அளவில். 9 மி.மீ. கூட்டுக்குள் அரை கிராமுக்கும் குறைவான மருந்துதான் இருக்கும். முழு வீச்சில் நிரப்பிய .357-ல் ஒரு கிராமைத் தாண்டும். .44 மேக்னத்தில் ஒன்றரை கிராம் வரை போகும்.

அழுத்த வரம்பைத் தாண்டாமல் இவ்வளவு மருந்தை எப்படி எரிப்பது? மெதுவாக எரியும் மருந்தைப் போட வேண்டும். வேகமாக எரியும் மருந்தை இந்த அளவுக்குப் போட்டால் சிலிண்டர் (தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளை) வெடித்துவிடும். மெதுவான மருந்து குண்டை ஒரே அடியாக அடிக்காமல் விடாமல் தள்ளிக்கொண்டே வருகிறது. வேகம் கிடைப்பது அந்தத் தள்ளலின் நீளத்தால். 1935-ல் .357 வந்தபோதும் 1955-ல் .44 மேக்னம் வந்தபோதும் கையாண்ட வழி இதுதான். அதற்குக் கொடுக்கும் விலை, குண்டு வாயை எட்டும்போது பின்னால் நிறைய வாயு, நிறைய அழுத்தத்தோடும் சூட்டோடும் மிச்சம் இருப்பது. 2003-ல் வந்த .500 மேக்னம் இதை எங்கே கொண்டுபோனது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அதில் மருந்து இரண்டரை கிராமையும் தொடும்.

இதைக் குழலின் நீளத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் கதை முழுமை பெறும். ஒரு முறை விளக்கைக் குறைத்த சுடுதளத்தில் நண்பர் ஒருவரோடு நின்றிருந்தேன். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த .357 தோட்டாக்கள், இரண்டு ரிவால்வர்கள். ஒன்றுக்கு ஆறு அங்குலக் குழல், இன்னொன்றுக்கு இரண்டு அங்குலம். நான் பக்கவாட்டில், தடுப்புக்குப் பின்னால் நின்றேன். நீளக்குழல் சுட்டபோது வாயில் ஒரு சின்ன ஆரஞ்சு மொட்டு, அவ்வளவுதான். குட்டைக்குழல் சுட்டபோது முன்னால் இருந்த தடுப்புச் சுவர், கூரையின் இரும்புச் சட்டம், நண்பரின் கண்ணாடிச் சட்டகம் எல்லாம் ஒரு கணம் மஞ்சளாகத் தெரிந்து மறைந்தன. தோட்டா ஒன்றுதான். குட்டைக்குழலிலிருந்து போன குண்டுதான் மெதுவாகப் போனது.

கணக்குப் போட்டாலும் அதுதான் வருகிறது. .357 குழல் துளையின் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 65 சதுர மி.மீ. ஆறு அங்குலக் குழலின் கொள்ளளவு பத்து கன சென்டிமீட்டரை ஒட்டி வரும், இரண்டு அங்குலத்தில் மூன்றுதான். கூட்டுக்குள் இருக்கும் இடத்தையும் சேர்த்துக்கொண்டால், ஒரே அளவு வாயு நீளக்குழலில் விரியும் இடத்தில் பாதிகூட குட்டைக்குழலில் கிடைப்பதில்லை. விரியாத வாயு குளிர்வதில்லை. குளிராத வாயு காற்றில் கலந்ததும் பற்றுகிறது.

ஆக, நெருப்பு பெரிது என்றால் பலம் பெரிது என்ற எண்ணம் தலைகீழானது. குண்டுக்குப் போயிருக்க வேண்டிய ஆற்றலில் ஒரு பங்கு வாயில் கொட்டிப்போகிறது என்பதற்கு அடையாளம் அது. முழுக்க வீணும் அல்ல, நியாயமாகச் சொன்னால். கைத்துப்பாக்கியில் மருந்தின் ஆற்றலில் பெரும்பகுதி எப்படியும் சூடான வாயுவோடும் குழலின் சூட்டோடும் போய்விடும், குண்டுக்குக் கிடைப்பது சிறுபகுதிதான். அதிலும் காற்றோடு சேர்ந்து வெளியே எரிவதால் கிடைக்கும் வெப்பம் குண்டுக்குக் கிடைத்திருக்கவே முடியாதது, ஏனென்றால் அந்த ஆக்சிஜன் குழலுக்குள் இல்லை. ஆனால் குட்டைக்குழலில் மெதுவான மருந்தைப் போடுவது அந்த மருந்துக்கு வேலை செய்ய இடம் கொடுக்காமல் கூலி கொடுப்பது மாதிரி. சத்தமும் வெளிச்சமும் உதையும் முழுசாகக் கிடைக்கும், வேகம் மட்டும் குறையும்.

இன்னொன்று, இந்தப் பற்றுதல் ஒரு வரம்பைத் தாண்டினால் உண்டு, தாண்டாவிட்டால் இல்லை என்ற வகை. கலவையின் வெப்பம் வரம்புக்குச் சற்று மேலே போனால் மொத்தமாகப் பிடிக்கும், சற்றுக் கீழே நின்றால் ஒன்றும் இருக்காது. அதனால்தான் ஒரே பெட்டித் தோட்டாவில் மூன்று அமைதியாகவும் நான்காவது பளிச்சென்றும் போகும். தோட்டாவில் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. கார்பன் மோனாக்சைடு தனியாக எரிந்தால் நீலச் சுடர்தான் வரும், ஹைட்ரஜன் சுடர் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. பிறகு ஏன் ஆரஞ்சு? கரித்துகள்களும் மற்ற திடத் துகள்களும் அந்தச் சூட்டில் கனன்று ஒளிர்வதால். துளி சோடியம் கலந்திருந்தாலும் மஞ்சள் தூக்கலாகிவிடும்.

ரிவால்வருக்கு மட்டும் உரிய ஒரு நெருப்பும் உண்டு, வாயில் வருவதைப் பார்க்கும் அவசரத்தில் பலர் இதைக் கவனிப்பதில்லை. சிலிண்டரின் முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது. தாள் நுழையும் அளவுதான், 0.1 முதல் 0.2 மி.மீ. வரை. குண்டு சிலிண்டரிலிருந்து குழலுக்குள் தாவும்போது உச்சத்தை ஒட்டிய அழுத்தம் இந்தப் பிளவு வழியே இரண்டு பக்கமும் கத்திபோல் பாய்கிறது. இருட்டில் பார்த்தால் துப்பாக்கியின் இடுப்பிலிருந்து இடமும் வலமும் மெல்லிய சுடர் விசிறி தெரியும். வாய்ச்சுடரை விட இது சிறிதுதான், ஆனால் எனக்குப் பயம் இதன்மேல்தான். வெள்ளைக் காகிதத்தைச் சட்டத்தில் மாட்டி அந்தப் பிளவுக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு முறை சுட்டுப் பார்த்திருக்கிறேன். காகிதத்தில் கருகிய கோடு மட்டும் இல்லை, கோட்டின் நடுவே கிழிந்தே போயிருந்தது. சேர்ந்தாற்போல் உலோகப் பொடிகளும் குத்தி நின்றன. பிஸ்டல் பழகியவர்கள் இடது கட்டைவிரலை முன்னே நீட்டிப் பிடிக்கும் பழக்கத்தோடு பெரிய மேக்னத்தைக் கையில் எடுத்தால் அந்த விரல் போய் நிற்பது இந்தப் பிளவின் ஓரத்தில். காயம் சின்னதாக இருக்காது. துப்பாக்கிச் சட்டத்தின் மேல்பட்டையில், பிளவுக்கு நேர் மேலே, காலப்போக்கில் ஒரு பள்ளக்கோடு விழுவதும் இந்தச் சுடரால்தான். எஃகையே அரிக்கிறது என்றால் தோலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பிளவையே அடைத்த ரிவால்வர் ஒன்று உண்டு, 1895-ஆம் ஆண்டு மாதிரி நாகான். விசையை இழுக்கும்போது அதன் சிலிண்டர் முன்னால் நகர்ந்து குழலோடு பொருந்திக்கொள்ளும், தோட்டாவின் கூடும் நீண்டு இடைவெளியை மூடிவிடும். கெட்டிக்கார வேலை. விசையை இழுக்க விரலில் பலம் வேண்டும், அது வேறு கதை.

நெருப்பைக் குறைக்க என்ன வழி? முதல் வழி மருந்திலேயே இருக்கிறது. பொட்டாசியம் சல்ஃபேட், பொட்டாசியம் நைட்ரேட் போன்ற உப்புகளைச் சிறிதளவு சேர்த்தால் போதும். வாயு பற்றுவது ஒரு சங்கிலித் தொடர் வினை. அதை நடத்துபவை ஹைட்ரஜன் அணுக்களும் ஹைட்ராக்சில் துணுக்குகளும். பொட்டாசியம் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து முடக்கிவிடுகிறது, சங்கிலி நடுவில் அறுகிறது. முதல் உலகப்போர்க் காலத்திலேயே பீரங்கிகளின் மருந்தோடு உப்புப் பையைச் சேர்த்து வைத்து இரவில் சுடர் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். பலன் உடனே தெரியும், கூடவே புகை கூடும். பகலில் அது தொல்லை, இரவில் யார் பார்க்கப் போகிறார்கள்! தற்காப்புக்கென்று விற்கும் நல்ல தோட்டாக்களில் இப்படிச் சுடர் அடக்கிய மருந்தைத்தான் போடுகிறார்கள். பயிற்சிக்கு வரும் மலிவான பெட்டிகளில் இந்த அக்கறை குறைவு. இரண்டையும் ஒரே துப்பாக்கியில் மாறிமாறிச் சுட்டால் வித்தியாசம் கண்ணில் அறையும்.

இரண்டாவது வழி, மருந்தைக் குழலுக்கு ஏற்றதாகத் தேர்ந்தெடுப்பது. குட்டைக்குழலுக்கு வேகமாக எரியும் மருந்து, அளவும் குறைவு. வேகம் கொஞ்சம் குறையும், நெருப்பு நிறையக் குறையும். என்னைக் கேட்டால், இரண்டு அங்குலக் குழலில் முழு மேக்னம் சுடுவதை விட இது எவ்வளவோ மேல்.

குழல் முனையில் மாட்டும் சுடர் அடக்கி நீளத் துப்பாக்கிகளில் நன்றாக வேலை செய்கிறது. அதன் பிளவுகள் மாக் வட்டு ஒழுங்காக உருவாகாமல் கலைத்துவிடுவதால் வாயு மறுபடி சூடேறுவதில்லை. கைத்துப்பாக்கியில் உறைக்குள் நுழையாது, நீளமும் கூடும் என்பதால் இதை மாட்டுபவர்கள் அரிது. சிலர் இதையும் காம்பென்சேட்டரையும் ஒன்றாக நினைக்கிறார்கள். காம்பென்சேட்டர் வாயுவை மேல்நோக்கி விட்டுக் குழல் எம்புவதைக் குறைப்பது. சுடரைக் குறைக்காது, மாறாகச் சுடரை உங்கள் பார்வைக்கு நேராகக் கொண்டுவந்து வைக்கும். சத்தம் அடக்கும் சைலன்சர் சுடரையும் கிட்டத்தட்ட விழுங்கிவிடும், வாயு அதற்குள்ளேயே விரிந்து குளிர்ந்துவிடுவதால். முதல் குண்டுக்கு மட்டும் சற்று அதிகச் சத்தம் வரும். உள்ளே இருக்கும் கொஞ்சம் காற்றின் ஆக்சிஜனில் வாயு அங்கேயே எரிவதுதான் காரணம். அடுத்த குண்டுக்கு உள்ளே ஆக்சிஜன் மிச்சமில்லை.

கடைசியாகக் கண் பற்றி. இந்த நெருப்பின் ஆயுள் சில மில்லிவினாடிகள். இமைப்பொழுது என்று நாம் சொல்லும் அந்தப் பொழுதே வினாடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். சத்தத்துக்கு இமை மூட ஆரம்பிக்கும் முன்பே நெருப்பு எழுந்து அடங்கிவிட்டிருக்கும், விழித்திரையில் பதியவும் பதிந்திருக்கும். நன்றாக இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு இதனால் பாதிப்பு உண்டு. இருட்டில் பார்க்க உதவும் தண்டு செல்கள் முழுதாகத் தயாராக அரைமணி நேரம் எடுத்துக்கொள்கின்றன. வெளிச்சம் அடித்ததும் அந்தப் பழக்கத்தில் ஒரு பகுதி போய்விடும், கூடவே ஊதாவும் பச்சையுமாக ஒரு நிழல் பார்வையின் நடுவில் மிதக்கும். குறி பார்த்த இடத்திலேயே மிதப்பதுதான் எரிச்சல். ஆனால் இலக்கு எது, அதன் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரியும் அளவுக்கு வெளிச்சம் இருக்கும் இடத்தில் உங்கள் கண் அந்த அளவு இருட்டுக்குப் பழகியிருக்காது. அங்கே ஒரு கணம் கூசும், அவ்வளவுதான். அந்த வெளிச்சமும் இல்லாத இடத்தில் சுடவே கூடாது என்பது எந்தச் சுடுதளத்திலும் முதல் நாள் சொல்லித்தரும் பாடம்.

சுட்டவரை விடப் பக்கவாட்டில் நிற்பவருக்குத்தான் நெருப்பு பெரிதாகத் தெரியும். சுடுபவருக்குப் பந்தின் ஒரு பகுதியைத் துப்பாக்கியே மறைத்துவிடுகிறது. பக்கத்தில் நிற்பவரின் கேமராவுக்கு இன்னும் பெரிது. இருட்டு அறையில் ஷட்டரைத் திறந்து வைத்து எடுக்கும் படங்களில் முதல் சுடர், மாக் வட்டின் செந்நிறம், கடைசிப் பந்து, பொறிகள் எல்லாம் ஒரே சட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்துவிடும். அப்படி ஒரு காட்சி எந்தக் கணத்திலும் காற்றில் இருந்ததில்லை. மாறாக வீடியோவில் எடுத்தால் பல குண்டுகளுக்கு நெருப்பே விழாது, இரண்டு சட்டங்களுக்கு நடுவே வந்து போயிருக்கும். படத்தை வைத்து இரண்டு தோட்டாக்களை ஒப்பிட வேண்டுமானால் ஒரே அறை, லென்ஸில் ஒரே துவார அளவு, திறந்த ஷட்டர், ஒவ்வொன்றிலும் குறைந்தது ஐந்து குண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு படத்தை வைத்து முடிவு கட்டினால், வரம்புக்கு மேலே போன அந்த நான்காவது குண்டுதான் உங்களுக்குக் கிடைத்ததா என்று தெரியாது.